பியர்-டு-பியரும் கிரிட்டும்: எங்கே தடுமாறுகிறோம்?

கணினிகள் ஒன்றோடொன்று நேராகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் முறையான பியர்-டு-பியருக்கு எடுத்துக்காட்டு கேட்டால், 'செட்டி அட் ஹோம்' என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1999 மே மாதம் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டம் அது. ஆரெசிபோ தொலைநோக்கியில் பதிவான வானொலி அலைகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, அவற்றில் வேற்றுலக அறிவுயிர்களின் சுவடு ஏதும் உண்டா என்று தேடினார்கள். லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஆனால் அந்தக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. ஒவ்வொன்றும் பெர்க்லி சர்வரிடம் துண்டை வாங்கியது, கணக்குப் போட்டது, விடையைத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். இதற்குத் தன்னார்வக் கணிப்பு என்ற பெயரே பொருந்தும். 2000 வாக்கில், சும்மா கிடக்கும் வீட்டுக் கணினிகளின் திறனைப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் பியர்-டு-பியர் என்றே அழைத்தார்கள். பழைய பாடங்களில் அப்படி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: நடுவில் ஒரு சர்வர் தெரிந்தாலே பியர்-டு-பியர் இல்லை என்று ஒதுக்கிவிடுவது. பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் சேவையில் யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான் நடு சர்வரில் இருந்தது. பாட்டு கணினிக்குக் கணினி நேராகப் போனது. அந்தப் பட்டியல் ஓரிடத்தில் இருந்ததால்தான் 2001இல் நீதிமன்ற உத்தரவு வந்தபோது மொத்தச் சேவையும் நின்றது. நுடெல்லா என்ற இன்னொரு பகிர்வு முறை பட்டியலே வைத்துக்கொள்ளாமல் அக்கம்பக்கத்துக் கணினிகளிடமெல்லாம் கேட்டுப் பார்த்தது. கேள்விகளே வலையை அடைத்தன. 2002இல் வந்த கடெம்லியா முறை, பட்டியலையே எல்லாக் கணினிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் கணினிக்குக் கணினி ஏறத்தாழ இருபது தாவல்களுக்குள் தேடியதைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இன்றும் வியப்பூட்டும் வடிவமைப்பு இது.

கிரிட்டைப் 'பெரிய பியர்-டு-பியர்' என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆழமான குழப்பம். கிரிட் என்பது தங்கள் கணினி மையங்களை இணைத்துப் பகிர்ந்துகொள்ளும் நிறுவனங்களின் கூட்டு. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் துகள் மோதல் தரவுகளைக் கையாளும் உலகளாவிய கிரிட்டில் 40க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினி மையங்கள் இணைந்திருக்கின்றன; மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் சேரும். அங்கே வேலை அனுப்புகிறவரிடம் டிஜிட்டல் சான்றிதழ் இருக்கும். எந்த ஆய்வுக் குழு, எவ்வளவு பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்திருப்பார்கள். ஒரு மையம் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரியும்.

பியர்-டு-பியரில் எதிரே இருப்பது யாரென்றே தெரியாது. ஒரே ஆள் ஆயிரம் பெயர்களில் நுழையலாம். கணினி ஆய்வாளர் ஜான் டூசர் 2002இல் எழுதிய கட்டுரை இதை 'சிபில் தாக்குதல்' என்று அழைத்தது. ஆகவே கிரிட்டில் ஓடிய நிரலை அப்படியே முகம் தெரியாதவர்களின் கணினிகளுக்கு மாற்றி, வந்த விடையை நம்பிவிடக் கூடாது. ஒரே துண்டைப் பலருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட வேண்டும். பாதியில் அணைந்துபோகும் கணினிகளையும் எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். கிரிட்டிடம் உள்கட்டமைப்பு இருக்கிறது, பழுதைத் தாங்கும் பழக்கம் போதவில்லை. பியர்-டு-பியரிடம் நிலைமை தலைகீழ் என்று கணினி ஆய்வாளர்கள் இயன் ஃபாஸ்டரும் அட்ரியானா யாம்னிட்சியும் 2003இலேயே எழுதினார்கள். இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பதைவிட அந்தப் பார்வையே எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்த வேலையை எங்கே அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வானிலைக் கணிப்பில் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரிப்பார்கள்; ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பு தேவைப்படும். அதை வீட்டு இணைப்புகளில் ஓட்டினால் கணக்குப் போடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே அதிகமாகும். ஒன்றையொன்று சாராத துண்டுகளாகப் பிரியும் வேலையே அங்கே எடுபடும்.

செர்ன் இரு வழிகளையும் வைத்திருக்கிறது. தரவு மலை கிரிட்டுக்கு; புரோட்டான்கள் எல்எச்சி என்ற துகள் முடுக்கியின் வளையத்தில் நிலையாகச் சுற்றுமா என்ற கணக்கு, 2004இல் தொடங்கிய 'எல்எச்சி அட் ஹோம்' வழியாகத் தன்னார்வலர்களின் கணினிகளுக்கு. உள்ளீடு சிறியது, கணக்கு நீளம், ஆகவே அது பொருத்தமான வேலைதான். ஆனால் அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. யாரும் ஏமாற்றாதபோதும், வெவ்வேறு கணினிகளில் சைன், லாக் போன்ற சார்புகளின் கடைசி இலக்கம் சற்றே மாறியது. லட்சக்கணக்கான சுற்றுகளில் அந்தத் துளி வேறுபாடு பெருகியதால் விடைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியவில்லை. எந்தக் கணினியிலும் கடைசி இலக்கத்தை ஒரே மாதிரி முழுமையாக்கும் (ரவுண்டிங்) கணித நிரல் நூலகத்தைச் சேர்த்த பிறகுதான் விடைகள் கடைசி பிட் வரை ஒத்துப்போயின.