சின்ன பிரைவேட் பென்சனை மொத்தமாக எடுப்பது எப்படி? அரச பென்சன் குறையுமா?

முன்பு வேலை செய்த இடத்தில் கட்டிய பிரைவேட் பென்சன் ஒன்று எனக்கு 8,000 பவுண் அளவில் கிடந்தது. அதை மொத்தமாக எடுத்து முடித்தாகிவிட்டது. பிரிட்டனில் இருக்கும் நம் ஆட்களில் பலர் ஒரு கடையில் இரண்டு வருடம், ஒரு வெயார்ஹவுஸில் மூன்று வருடம் என்று வேலை மாறியவர்கள். இப்படிச் சில்லறைப் பென்சன்கள் அவர்களிடமும் இருக்கும். எடுக்கலாம் என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அரச பென்சனில் கை வைத்துவிடுவார்களோ?"

வைக்க மாட்டார்கள். அரச பென்சன் நேஷனல் இன்சூரன்ஸ் வருடங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. புதிய முறையில் குறைந்தது 10 வருடம் வேண்டும், முழுத் தொகைக்குப் பொதுவாக 35 வருடம். 2025-26இல் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண். பிரைவேட் பென்சனில் எடுக்கும் காசுக்கு நேஷனல் இன்சூரன்ஸ் பிடிப்பதில்லை, அதனால் அந்த வருடங்கள் கூடவும் போவதில்லை. மாறுவது இரண்டு: வருமான வரியும், வருமானம் பார்த்துத் தரும் உதவிப் பணமும்.

முதலில் ஃபோர்காஸ்ட்

அரசாங்க இணையதளத்தில் உங்கள் ஸ்டேட் பென்சன் ஃபோர்காஸ்டை, அதாவது அரச பென்சன் எவ்வளவு கிடைக்கும் என்ற முன்கணிப்பை, எடுத்துப் பாருங்கள். இலவசம். காசு கேட்கும் கம்பெனிகள் பக்கமே போக வேண்டாம். பழைய பென்சனைத் தேடித் தரும் பென்சன் டிரேசிங் சர்வீஸும் அரசாங்கத்துடையதுதான், அதற்கும் காசில்லை. பென்சன் பற்றித் தாங்களாகவே போன் எடுத்துப் பேசுகிறவர்களின் அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள். 2019 ஜனவரியிலிருந்து அப்படி அழைப்பதே சட்டவிரோதம்.

சிலருடைய ஃபோர்காஸ்டில் சி.ஓ.பி.இ. என்று ஒரு தொகை இருக்கும். 2016 ஏப்ரலுக்கு முன் 'கான்ட்ராக்டட் அவுட்' திட்டத்தில், அதாவது அரச பென்சனின் ஒரு பகுதிக்குப் பதிலாக வேறு பென்சனில் சேரும் முறையில், இருந்தவர்களுக்கு வருவது அது. அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அதற்காக அரச பென்சனில் செய்யும் கழிப்பு 2016இலேயே கணக்கில் முடிந்துவிட்டது. ஃபோர்காஸ்ட் காட்டும் தொகையிலிருந்து நீங்கள் மறுபடி கழிக்க வேண்டாம். பிரைவேட் பென்சனை இன்றைக்கு எடுத்தாலும் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அது மாறாது.

அடுத்தது படிவம், என்னை இழுத்தடித்தது இதுதான்

55 வயதானால் எடுக்கலாம், 2028 ஏப்ரல் 6 முதல் அது 57. பென்சன் 10,000 பவுணுக்கு மேல் போகாவிட்டால் 'ஸ்மால் பாட் லம்ப் சம்' என்ற வழி இருக்கிறது. தனிப்பட்ட பென்சன்களில் மூன்று வரை இப்படி எடுக்கலாம். கால் பங்குக்கு வரி இல்லை, மீதிக்கு 20 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள்.

சிக்கல் என்னவென்றால், என் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்தப் பெயரே இல்லை. 'முழுவதையும் எடு' என்று ஒரு பொத்தான் மட்டும். அதை அழுத்தினால் போவது வேறு வழி, அதாவது ஃப்ளெக்ஸிபிள் முறை. அதில் பெரும்பாலும் எமர்ஜென்ஸி டாக்ஸ் கோட் போடுவார்கள். ஒரு மாதச் சம்பளம் போல எண்ணி, இதே தொகை ஒவ்வொரு மாதமும் வரும் என்ற கணக்கில் வரி பிடிப்பார்கள்.

8,000 பவுணையே எடுத்துக்கொள்வோம். 2,000க்கு வரி இல்லை. மீதி 6,000க்கு ஸ்மால் பாட் வழியில் 1,200 பவுண் பிடிப்பார்கள். எமர்ஜென்ஸி கோடில் சுமார் 1,350. வித்தியாசம் பெரிதில்லைதான். ஆனால் ஃப்ளெக்ஸிபிள் வழியில் போனால், அதற்குப் பிறகு இதே மாதிரிப் பென்சன்களில் வருடத்துக்கு 10,000 பவுணுக்கு மேல் கட்டினால் வரிச்சலுகை போய்விடும். ஸ்மால் பாட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்னும் வேலை செய்கிறவர்களுக்கு இது முக்கியம்.

அதனால் போன் எடுத்து, "ஸ்மால் பாட் லம்ப் சம் படிவம் அனுப்புங்கள்" என்று அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். கூடவே, பழைய பாலிசி என்றால் 'கியாரண்டீட் ஆன்யூட்டி ரேட்' (அந்தக் காசுக்கு ஆயுள் முழுதும் தரும் பென்சனுக்கு அப்போதே உறுதியளித்த விகிதம்) ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள், அது இன்றைக்குக் கிடைக்காத நல்ல விகிதமாக இருக்கலாம்.

எந்த வருடத்தில் எடுப்பது?

என் கருத்தில், படிவத்தைவிட இது பெரிய விஷயம். வரியில்லா வருமான எல்லை 12,570 பவுண். 2025-26 கணக்கில் முழு அரச பென்சன் வருடத்துக்கு 11,973 பவுண் வரும், அதுவே எல்லையை ஏறக்குறைய நிரப்பிவிடும். அதற்கு மேல் வரும் 6,000 பவுணுக்கு ஏறத்தாழ 1,080 பவுண் வரி. அதே காசை வேலையும் இல்லாமல், அரச பென்சனும் தொடங்காமல் இருக்கும் ஒரு வரி வருடத்தில் எடுத்தால் வரி பூச்சியம்.

பிடித்த வரி தானாகத் திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்மால் பாட் என்றால் பி53 படிவம். ஃப்ளெக்ஸிபிள் வழியில் முழுவதும் எடுத்தவர்களுக்கு, வேறு வருமானம் இருந்தால் பி53இசட், இல்லாவிட்டால் பி50இசட். கம்பெனி அனுப்பும் பி45ஐ (தந்த காசும் பிடித்த வரியும் காட்டும் தாள்) தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர் தன் மாமிக்கு பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவிப் பணம்) வருவதாகவும், இது பொருந்துமா என்றும் கேட்டிருந்தார். அங்கே கவனம் வேண்டும். கையிருப்பு 10,000 பவுணைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு 500 பவுணுக்கும் வாரம் 1 பவுண் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். எடுக்காமல் வைத்திருந்தாலும் தப்ப முடியாது. அரச பென்சன் வயது வந்தவர்களுக்கு, அந்தப் பென்சன் தரக்கூடிய வருமானத்தைக் கணக்கில் சேர்ப்பார்கள். யூனிவர்சல் கிரெடிட் வாங்கும், இன்னும் அரச பென்சன் வயது வராதவருக்கு நிலைமை வேறு: எடுக்காத பென்சன் கணக்கில் வராது, எடுத்துக் கையில் வைத்தால் வரும். கையிருப்பு 6,000 பவுணைத் தாண்டினால் உதவி குறையத் தொடங்கும், 16,000ஐத் தாண்டினால் நின்றே போகும். உதவிப் பணம் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு, 50 வயது தாண்டியிருந்தால், பென்சன் வைஸ் இலவச ஆலோசனை போதும்.

இன்னொருவர் ஊருக்கே போய் இருக்கப் போகிறாராம். அவருக்கு பிரைவேட் பென்சனைவிட வேறொன்றுதான் இடிக்கும். இலங்கையிலோ இந்தியாவிலோ குடியிருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் அரச பென்சன் கிடைக்கும், ஆனால் வருடாந்த உயர்வு கிடைக்காது. தொடங்கிய தொகையிலேயே நிற்கும்.