லேசரும் அச்சுப் பிலிமும் போதும்: முறுக்கிய ஒளிக்கற்றை உருவாக்கி, அதன் எண்ணை அளப்பது எப்படி

ஒளிக்கு இரண்டு வகைக் கோண உந்தம் உண்டு. வட்டத் தளவிளைவால் (போலரைசேஷன்) வருவது தற்சுழற்சிக் கோண உந்தம். ஃபோட்டானுக்கு அதிகபட்சம் ஒரு எச்-பார்தான் (பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்தது). அலைமுகப்பே திருகாணியின் மரைபோல முறுக்கிக்கொண்டு போனால் வருவது சுற்றுப்பாதைக் கோண உந்தம். அச்சை ஒருமுறை சுற்றி வரும்போது கட்டம் (அலை தன் அலைவில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) 2 பையின் எத்தனை மடங்கு மாறுகிறதோ அந்த முழு எண்ணை 'எல்' என்போம். ஃபோட்டானுக்கு எல் மடங்கு எச்-பார் கிடைக்கும். 1992இல் நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் ஆலனும் உடன் பணியாற்றியவர்களும் காட்டியது இதைத்தான்.

இப்படி முறுக்கிய கற்றையை உருவாக்கப் பல லட்சம் ரூபாயில் திரவப்படிக ஒளிப்பண்பேற்றி வாங்க வேண்டியதில்லை. கவட்டைக் கீற்றணி ஒன்று, அதாவது நடுவில் கவட்டைபோலப் பிரியும் நெருக்கமான கோடுகள் அச்சிட்ட பிலிம், போதும்.

தேவையானவை: 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர் (1 முதல் 5 மில்லிவாட், கற்றை விட்டம் சுமார் 1 மி.மீ.), இரு திசையில் நகர்த்தும் திருகு மேடை, 300 மி.மீ. குவியத்தூரக் குவிலென்ஸ், லென்ஸ் கழற்றிய வெப்கேமரா. டயோடு லேசர் பாயின்டரின் கற்றை நீள்வட்டமாக இருக்கும். வளையமும் கோணலாகவே வரும்.

முதலில் கீற்றணியின் படம். பத்து மி.மீ. சதுரத்துக்கு 1000 × 1000 புள்ளிகள் எடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் 2 பை × எக்ஸ் ÷ 100 மைக்ரோமீட்டர் என்பதிலிருந்து எல் × கோணத்தைக் கழித்து, கொசைன் போடுங்கள் (எக்ஸ் என்பது படத்தின் நடுவிலிருந்து கிடைத்திசைத் தூரம்; கோணமும் நடுவைச் சுற்றி அளப்பது). விடை நேர்மறையானால் வெள்ளை, இல்லையேல் கறுப்பு. கோணத்துக்குச் சாதாரண ஆர்க்டான் போதாது, ஆர்க்டான்2 வேண்டும். சாதாரண ஆர்க்டான் இட, வலப் பாதிகளைப் பிரித்தறியாது. எல் இரட்டைப்படை என்றால் தப்பித்துவிடும். ஒற்றைப்படை என்றால் படம் நடுவில் செங்குத்தாக வெட்டுப்படும். எல் 2ஐ வைத்து மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

அச்சிடுவதில்தான் பெரும்பாலும் வேலை கெடுகிறது. ஆஃப்செட், ஸ்கிரீன் பிரிண்டிங் வேலைக்குப் பிலிம் எடுத்துத் தரும் கடையில் 2540 டிபிஐ கேளுங்கள். அதில் ஒரு புள்ளி சரியாக 10 மைக்ரோமீட்டர். ஆக 10 புள்ளிக்கு ஒரு கோடு இடைவெளி. கோப்பு 1-பிட் டிஃப் ஆக இருக்கட்டும். ஜேபெக் கொடுத்தால் ஓரங்கள் சாம்பல் நிறமாகி, இயந்திரம் அதை ஹாஃப்டோன் புள்ளிகளாக உடைத்துவிடும். 'அளவு மாற்றாமல், 100 சதவீதம்' என்று கடைக்காரரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். பிலிம் வந்ததும் உருப்பெருக்கியில் நடுவைப் பாருங்கள்: எல் 3 என்றால் கவட்டைக்கு ஒரு பக்கத்தில் இருப்பதைவிட மறுபக்கத்தில் மூன்று கோடுகள் கூடுதலாக இருக்க வேண்டும். அலுவலக 600 டிபிஐ பிரிண்டரில் கோடு இடைவெளி 300 மைக்ரோமீட்டருக்கு மேல் போய்விடும்; 1 மி.மீ. கற்றைக்குள் மூன்று கோடுகளே அடங்கும், கீற்றணி பிரித்துத் தரும் கற்றைகள் (வரிசைகள்) தெளிவாகப் பிரியாது.

பிலிமை இரு கண்ணாடி ஸ்லைடுகளுக்கு நடுவே இறுக்கி, மேடையில் பொருத்தி, கற்றைக்கு நேர்க்குத்தாக நிறுத்துங்கள். 2 மீட்டர் தள்ளித் திரை. முதல் வரிசைகள் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் சுமார் 12.7 மி.மீ. தள்ளி விழும், ஒன்றில் கூட்டல் எல், மற்றதில் கழித்தல் எல். பிலிம் உறிஞ்சுவது போக, நடுவுக்கு 25 சதவீதமும் முதல் வரிசை ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதமும் ஒளி சேரும். நடுக்கற்றையைக் கறுப்பு அட்டையால் தடுத்துவிடுங்கள். பிலிமைத் தாண்டி வருவதில் கண்ணுக்கு அதிக ஆபத்து அதுதான்.

இப்போது திருகை மெல்லத் திருப்புங்கள். கவட்டை கற்றையின் மையத்துக்கு வரும்போது இருண்ட நடுவோடு முழு வளையம் தெரியும். 0.1 மி.மீ. விலகினாலே வளையத்தின் ஒரு பக்கம் தடித்து, பிறைபோலாகும். எல் 2 அல்லது அதற்கு மேல் என்றால் நடு இருட்டு ஒன்றாக நிற்காமல் சிறு ஓட்டைகளாகப் பிரியலாம். பக்கத்து வரிசையின் ஒளியோ, பிலிமில் சிதறிய ஒளியோ கொஞ்சம் கலந்தாலே உயர் எல் சுழல் (முறுக்கின் இருண்ட மையம்) உடைந்து, எல் 1 கொண்ட தனித்தனிச் சுழல்களாகிவிடும். திரையை இன்னும் தள்ளிவைத்து, வேண்டிய வரிசையை மட்டும் துளை வழியே விட்டால் பெரும்பாலும் சரியாகும். வெளியே மங்கலான கூடுதல் வளையங்கள் தெரிந்தால் பிழை தேடாதீர்கள். முதல் வரிசையில் கட்டத்தை மட்டும் முறுக்கும் இத்தகைய கீற்றணி, தூய லாகேர்-காஸ் கற்றையை (ஒரே வளையம் கொண்ட முறுக்கிய கற்றையை) தராது.

வளையம் வந்துவிட்டால் எல் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் பரவலான தவறு. கற்றையின் நடுவில் தூசி இருந்தாலும் வளையம்போல ஒன்று வரும். வளையத்தின் விட்டத்தை அளந்து 'எல்' மதிப்பைச் சொல்வதும் நம்பகமானதல்ல. அது கற்றையின் அளவையும் தூரத்தையும் பொறுத்தது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

அதற்குச் சாய்ந்த லென்ஸ் போதும். 2013இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் வெளியிட்ட வழி இது. முதல் வரிசையின் பாதையில் 300 மி.மீ. லென்ஸை வைத்து, செங்குத்து அச்சில் 20 டிகிரி அளவுக்குத் திருப்புங்கள். கேமராவைக் குவியத்துக்கு அருகே முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வளையம் கலைந்து சாய்வான வரிப்பட்டைகளாகும். பட்டைகளுக்கு இடையிலுள்ள இருண்ட கோடுகளின் எண்ணிக்கையே எல். எல் 3க்கு நான்கு பட்டைகள், மூன்று இருண்ட கோடுகள். எதிர்ப்பக்க வரிசைக்கு மாறினால் பட்டைகள் மறுபுறம் சாயும். குறியையும் அப்படியே அறியலாம். பட்டைகள் பிரியவில்லையா? சாய்வைக் கூட்டுங்கள்; கற்றை ஒல்லியாக இருக்குமளவுக்குச் சாய்வு அதிகம் தேவை. எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தால் கேமரா தாங்கும் அளவைவிட ஒளி மிகுந்துவிட்டது என்று பொருள். கற்றையை மங்கலாக்கும் வடிகட்டி ஒன்றை முன்னால் வைத்துவிட்டு, பிறகு எண்ணுங்கள்.