பழைய வாஷிங் மெஷின் மோட்டாரில் சாணை இயந்திரம்: ஷாக் அடிக்காமல் அமைப்பது எப்படி?

பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை இரும்புச் சட்டத்தில் முடுக்கிக் கத்தி தீட்டும் சாணையாக மாற்றுவது பெரிய வித்தை அல்ல. ஆனால் உள்ளே வைண்டிங்கின் (சுற்றப்பட்ட செம்புக் கம்பியின்) எனாமல் பூச்சு எங்காவது கருகிவிட்டால், 230 வோல்ட் மோட்டாரின் கூட்டுக்கும், அங்கிருந்து சட்டத்துக்கும், சட்டத்தைப் பிடித்திருக்கும் கைக்கும் வந்து சேரும்.

வீட்டில் எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது. நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், அதன் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பிடித்த பிடியை விட முடியாதபடி தசை இறுகுவதற்கோ 10 மில்லி ஆம்பியரை ஒட்டிய அளவே போதும். எம்சிபி காப்பது வயரை. ஆளைக் காப்பதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் விழும் சுவிட்ச், வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது எர்த். மூன்று கோர் வயரையே பயன்படுத்துங்கள். சட்டத்தில் ஓரிடத்தில் பெயின்டைச் சுரண்டி, பச்சை வயரின் நுனியில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, பல் வாஷர் வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். மோட்டார் கூட்டிலிருந்தும் அங்கே ஒரு வயர் வர வேண்டும். வயர் இழுபட்டால் எர்த் கடைசியாகக் கழலும்படி, பேஸ், நியூட்ரலை விடச் சற்று நீளமாக அதை விடுங்கள். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். எர்த் இல்லை என்பதற்காக நியூட்ரலை பாடியில் இணைப்பவர்கள் உண்டு. எங்காவது நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்டதும் சட்டம் முழுவதும் பேஸ் ஏறிவிடும் என்பதால் அது எர்த் இல்லாததை விடவும் மோசமான வேலை.

பிளக்கைச் செருகுமுன், அதன் பெரிய பின்னுக்கும் சட்டத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெகர் (வைண்டிங்குக்கும் கூட்டுக்கும் இடையிலான இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டார் பழைய இரும்புக்குத்தான். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிச் சட்டத்தைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் வயர் முனைகளை கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் வைத்து இறக்கிவிட்டே கை வைக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, மரப்பலகையில் மின்னல் கோலம் போடும் கருவி செய்வதை மட்டும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். அது வெளியிடும் சுமார் 2000 வோல்ட் உடம்பில் பாய்ந்தால், டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் இருக்கும் ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்; மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.