பான் கோங் சுடும்போது எங்கே பிசகுகிறது?

வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்தில் கெமர் மக்கள் பெருமளவில் வாழும் பகுதி சோக் ட்ராங். 2025 ஜூலையில் கான் தோ மாநகரத்தோடு இணைக்கப்பட்ட இந்தப் பழைய மாகாணம் பெயர் பெற்ற பலகாரம்தான் பான் கோங். அரிசி மாவுக் கரைசல், பாசிப்பருப்பு, கொத்திய பன்றி இறைச்சி, மேலே ஒரு முழு இறால். நீண்ட கைப்பிடியுள்ள குவளை அச்சில் நிரப்பி, எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். வீட்டில் செய்பவர்களைப் பெரும்பாலும் கைவிடுவது அந்த அச்சுதான்.

குளிர்ந்த அச்சில் மாவை ஊற்றினால் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கத்தியால் நெம்பினால் பலகாரம் பிளந்து, பருப்பெல்லாம் எண்ணெயில் சிதறிக் கருகும். வெறும் அச்சை முதலில் எண்ணெயில் மூழ்கவைத்துக் காயவிட வேண்டும். பிறகு எண்ணெயை வடித்துவிட்டு மாவை ஊற்றினால் உடனே 'சொய்' என்று சத்தம் வர வேண்டும். அச்சு முறுக்கு சுட்டவர்களுக்கு இது தெரிந்த பாடம். ஒரு முறை காய்ந்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஈடுக்கும் காயவைக்க வேண்டும்.

அச்சை விளிம்புவரை நிரப்பக் கூடாது. பொரியும்போது மாவு உப்பி வழியும். அடியில் மாவு, நடுவில் பருப்பும் இறைச்சியும், அதன்மேல் மெல்லிதாக மீண்டும் மாவு, கடைசியில் இறால். பருப்பை ஊறவைத்து வேகவைத்திருக்க வேண்டும். குழைந்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

இறாலின் தோலை உரிப்பது எனக்குச் சற்றும் ஒப்பாத வேலை. சிறிய இறாலாகப் பார்த்து வாங்கி, மீசையையும் தலைக் கொம்பையும் மட்டும் கத்தரித்தால் போதும். எண்ணெயில் அந்தத் தோல் சிவந்து, கடித்தால் நொறுங்கும். பலகாரத்தின் அழகும் மணமும் அதில்தான் இருக்கின்றன. பெரிய இறாலின் தோல் தடித்தது, மெல்ல முடியாது.

ஓரம் சிவக்கும் முன்பே பலகாரத்தை அச்சிலிருந்து தட்டி எடுக்க அவசரப்படாதீர்கள். வெந்ததும் லேசாக ஆட்டினாலே கழன்று மிதக்கும். அதன்பின் திருப்பிவிட்டு இருபுறமும் பொன்னிறமாக்கலாம். தீயைக் கூட்டி வைத்தால் மேற்புறம் கருகி நடுவில் இறைச்சி வேகாமல் நிற்கும். பன்றி இறைச்சி என்பதால் அது உடம்புக்கே ஆபத்து. முதல் பலகாரத்தை வெட்டி, நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் சுடுங்கள்.

பரிமாறும்போது, பூண்டும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்த மீன் சாற்றை (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீனிலிருந்து வடிக்கும் சாஸ்) பலகாரத்தின் மேலே ஊற்றிவிடுகிறார்கள் சிலர். அத்தனை பாடுபட்டு வந்த மொறுமொறுப்பு நொடியில் ஊறிப்போய்விடும். துண்டாக வெட்டி, கடுகுக் கீரையிலோ லெட்டூஸ் இலையிலோ மணக்கும் தழைகளோடு சுருட்டி, சாற்றில் தொட்டுச் சூட்டோடு சாப்பிட வேண்டும்.