கைவிடப்பட்ட மருத்துவமனையில் பேய் ஆய்வு: பெரும்பகுதி வேலை பகலில்

கட்டடம் சும்மா இருக்கும்போது எப்படி முனகும், எங்கே குளிரும் என்று தெரியாமல் இரவில் போனால் கேட்பதெல்லாம் அதிசயமாகத்தான் இருக்கும். ஆகவே இரவுக்கு ஒதுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைப் பகலுக்கு ஒதுக்குங்கள்.

உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். அதை வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டதா, குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருக்கிறதா, கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு இருந்ததா? 1987இல் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்திலிருந்த கருவியைப் பழைய இரும்புக்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளிருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் நால்வரைக் கொன்றது. 249 பேர் மாசுக்கு ஆளானார்கள். அப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால், கருவியை அப்புறப்படுத்திய ஆவணத்தைப் பார்க்கும்வரை போகாதீர்கள். சாதாரண எக்ஸ்ரே எந்திரத்தில் இந்த அபாயம் இல்லை. மின்சாரம் இல்லாதபோது அது கதிரை வெளியிடாது.

பகல் சுற்றில் தடித்த அடி கொண்ட பூட்ஸ் அவசியம், ஊசிகள் கிடக்கும். ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பகுதியையும் புறா, வௌவால் எச்சம் குவிந்த அறைகளையும் திட்டத்திலிருந்தே நீக்குங்கள். கதவு திறந்து நிற்கும் லிஃப்ட் குழி இருட்டில் இன்னொரு அறை வாசலைப் போலவே தெரியும். குறுக்கே ஒளிரும் நாடா கட்டி வையுங்கள். நால்வர் குழு நல்லது, ஒருவர் எப்போதும் வெளியே. தனியாக யாரும் எங்கும் நகரக் கூடாது.

பிறகு அறைக்கு அறை வெப்பநிலை, ஈரப்பதம், மின்காந்தப் புலம் மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். மின்சாரம் இல்லாத கட்டடத்தில் இஎம்எஃப் மீட்டர் (மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி) ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும். சுவரோரம் ஏறினால் மின்சாரம் ஓடும் கம்பி இருக்கிறது என்று பொருள், தொடாமல் விலகுங்கள். கே-2 போன்ற விளக்கு வகை மீட்டர்கள் செல்போனுக்கும் மின்னும். பழைய எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவர்கள் சிக்னலை மறைப்பதால் போன் கூடுதல் சக்தியோடு கோபுரத்தைத் தேடும், மீட்டர் துள்ளும். அந்த அறைக்குப் 'பேய் அறை' என்ற பேர் வருவது இப்படித்தான். போன்களை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

அகச்சிவப்பு வெப்பமானி அளப்பது சுவரின் மேற்பரப்பை, காற்றை அல்ல. அறை நடுவே குளிர் என்று சொல்ல வேண்டுமானால் காற்றில் தொங்கவிடும் உணரி வேண்டும். வெப்பக் கேமராவில் கண்ணாடியிலும் ஓடுகளிலும் தெரியும் உருவம் பெரும்பாலும் நீங்கள்தான். படத்தில் தெரியும் 'ஒளிக்கோளம்' லென்ஸுக்கு அருகே மிதக்கும் தூசி. விளக்கைக் கேமராவிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அதிகம் சொதப்புவது ஒலிப்பதிவில். குறைந்தது இரண்டு ரெக்கார்டர்கள்: ஒன்று பேர்போன அறையில், இன்னொன்று எந்தக் கதையும் இல்லாத அறையில். வேவ் (WAV) கோப்பு வடிவத்தில் பதியுங்கள். குரல் கேட்டால் மட்டும் பதியும் வசதி, இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலிக்கூட்டல் மூன்றையும் அணைத்துவிடுங்கள்; சொல்லின் முதல் எழுத்தை விழுங்குவதும் வெறும் இரைச்சலை உயர்த்துவதும் இவைதான். இரண்டு ரெக்கார்டர்களையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை கை தட்டினால் பிறகு நேரம் பொருத்தலாம். கருவி பஞ்சு மேல் இருக்கட்டும், கையில் வேண்டாம். கிசுகிசுப்பு தடை. வயிறு உறுமினாலும் "என் வயிறு" என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டவரின் வயிறுதான் மறுநாள் ஆவியின் குரலாகும். ஒரு அமர்வு 20 நிமிடம் போதும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், காதுக்கும் அப்படியே. "இங்கே 'போ' என்கிறது, கேள்" என்று சொல்லிவிட்டால் கேட்பவருக்கு 'போ' மட்டுமே கேட்கும். ஆகவே ஒலிப்பதிவுத் துண்டுகளை வெறும் எண்ணிட்டு, கட்டடத்துக்கே வராத மூவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். நடுநடுவே பகலில் பதிந்த வெற்றுத் துண்டுகளையும் கலந்துவிடுங்கள். காதில் விழுந்ததை அவர்கள் எழுதட்டும். வெற்றுத் துண்டிலும் சொற்கள் எழுதியவரின் தாளை ஒதுக்குங்கள். எஞ்சியவர்கள் ஒரே சொல்லை எழுதிய துண்டை மட்டும் எடுத்து, அதே நொடியில் மற்ற ரெக்கார்டரிலும், வெளியே நின்றவரின் குறிப்பிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.