கேரவனுடன் ஆங்கிலக் கால்வாயைக் கடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்சின் கலே வரை சுரங்க ரயிலில் 35 நிமிடம். டோவரிலிருந்து கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம். காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியான கேரவனை இழுத்துக்கொண்டு முதன்முறையாக ஐரோப்பாவுக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் அஞ்சுவது இந்தக் கடக்கும் நேரத்தைத்தான். ஆனால் அங்கே சிக்கல் வருவது அரிது; நிற்கச் சொன்ன வரிசையில் நின்று, ஏறச் சொன்னபோது ஏறினால் வேலை முடிந்தது. பிரிட்டனில் விற்கப்படும் கேரவன் இடப்பக்கம் வண்டி ஓட்டும் சாலைகளுக்கும், அந்நாட்டு மின் இணைப்புக்கும், அந்நாட்டு கேஸ் சிலிண்டருக்கும் ஏற்பச் செய்யப்பட்டது. ஊரில் செல்லுபடியானதெல்லாம் அக்கரையிலும் செல்லும் என்று எண்ணிக்கொண்டு கிளம்புவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முன்பதிவிலேயே முதல் தவறு நடந்துவிடும். கேரவனின் விளம்பரக் கையேட்டில் உட்புற நீளம், உடற்பகுதியின் நீளம், இணைப்புக் கொக்கி வரையிலான மொத்த நீளம் என்று வெவ்வேறு அளவுகள் தரப்பட்டிருக்கும். கப்பல் நிறுவனம் கேட்பது கடைசி அளவை; அதோடு காரின் நீளத்தையும், பின்னால் சைக்கிள் தாங்கி மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னவர் துறைமுகத்தில் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும்; கோடைக்கால நெரிசலில் அந்தக் கப்பலில் இடமே இல்லாமலும் போகலாம். கப்பல் புறப்பட்டபின் வாகனத் தளத்துக்குத் திரும்பிச் செல்ல விடமாட்டார்கள் என்பதால், மருந்தையும் குழந்தைக்கு வேண்டியவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு மேலே செல்ல வேண்டும். கேரவனில் அசைவை உணர்ந்து ஒலிக்கும் அலாரம் இருந்தால் அதை அணைத்துவிட்டுப் போவது, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் உங்கள் பேட்டரிக்கும் நல்லது.

ஆவணங்களில் மிகப் பரவலான தவறு பாஸ்போர்ட்டின் காலாவதி நாளை மட்டும் பார்ப்பது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், ஷெங்கன் பகுதிக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் நிறைந்திருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இவை தனித்தனி நிபந்தனைகள், இரண்டுமே நிறைவேற வேண்டும். அடுத்தது, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்னும் விதி. ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாக 90 நாள் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரான்சில் கழித்த நாளும் ஸ்பெயினில் கழித்த நாளும் ஒரே கணக்கில்தான் சேரும். நவம்பரில் ஸ்பெயினின் தென்கரைக்குப் போய் ஏப்ரலில் திரும்பும் பழைய வழக்கம் பிரிட்டன் பாஸ்போர்ட் மட்டும் உள்ளவர்களுக்கு இனி இயலாது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையையும் முகப்படத்தையும் பதியும் மின்னணு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், முத்திரையை எண்ணிப் பார்க்கும் அதிகாரியின் கவனக்குறைவை இனி நம்ப முடியாது. பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டையே வைத்திருக்கும் நம்மவர்கள் இதற்கும் முந்தைய படியில் நிற்கிறார்கள்: அவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. குடும்பத்தில் மூவருக்கு பிரிட்டன் பாஸ்போர்ட் இருந்து நான்காமவருக்கு இல்லையென்றால், அந்த ஒருவருக்காக மொத்தப் பயணமும் டோவரிலேயே நின்றுவிடும். பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் சோதிப்பது கடலைக் கடப்பதற்கு முன், டோவரில்தான்.

ஓட்டுநர் உரிமத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1997 ஜனவரி 1-க்குப் பின் கார் தேர்வில் தேறியவர்களும் 3,500 கிலோ வரையிலான இழுவை வண்டியை இழுக்கலாம் என்று 2021 டிசம்பர் 16 அன்று பிரிட்டன் விதி மாறியது. ஆனால் பழைய அட்டையில் அந்த அனுமதி அச்சாகியிருக்காது; அட்டையைப் புதுப்பிக்கும்போதுதான் ஏறும். வெளிநாட்டுக் காவலர் பார்ப்பது அட்டையைத்தான் என்பதால், புறப்படும் முன்பே புதுப்பித்துக்கொள்வது அறிவுடைமை. கேரவனின் உரிமையைக் காட்டும் ஆவணத்தையும் காரின் பதிவுச் சான்றையும் அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். 2021 செப்டம்பர் 28 முதல் வண்டி எந்த நாட்டைச் சேர்ந்தது என்று காட்டும் ஜிபி ஒட்டுவில்லைக்குப் பதில் யூகே ஒட்டுவில்லை வந்துவிட்டது. பழையதை உரித்து எடுத்துவிட வேண்டும், அல்லது முழுதாக மறைத்துவிட வேண்டும்.

எடையை யாரும் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை, குத்துமதிப்பாகவே ஏற்றுகிறார்கள். இரண்டு வாரப் பயணத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக ஏற்றுவது மனித இயல்பு. பல கேரவன்களில் பொருளுக்கென்று ஒதுக்கப்பட்ட எடை 150 கிலோ அளவில்தான் இருக்கும். அதிலேயே வாசலில் கட்டும் முன்கூடாரம், பேட்டரி, நிரம்பிய கேஸ் சிலிண்டர் எல்லாம் அடங்க வேண்டும். வாசலருகே ஒட்டியிருக்கும் தகட்டிலுள்ள அதிகபட்ச எடையைத் தாண்டினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடக்கூடும். கொக்கியின்மேல் இறங்கும் எடை கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருப்பது நல்லது. பின்பக்கம் கனமாக ஏற்றினால், லாரி கடந்து செல்லும் காற்றிலேயே வண்டி வாலாட்டத் தொடங்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, சாலைப் பலகையில் தெரியும் எண் உங்களுக்கானது அல்ல. பிரான்சில் கார், கேரவன் இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டினால் மோட்டார்வேயிலும் 90 கி.மீ.தான், அதற்குள் இருந்தால் சாதாரணக் காருக்குரிய 130 கி.மீ. வரை சட்டம் இடம் தருகிறது, ஆனால் கேரவனோடு அந்த வேகத்தில் போவது பைத்தியக்காரத்தனம். நெதர்லாந்தில் 90, ஜெர்மனியில் தனி அனுமதி பெறாதவர்களுக்கு 80. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் கொண்ட பிரெஞ்சுச் சாலையில் 7 மீட்டரைவிட நீண்ட வண்டித்தொடர் இடக்கோடித் தடத்தில் ஏறக் கூடாது. காரும் கேரவனும் சேர்ந்தால் ஏறக்குறைய எல்லாமே 7 மீட்டரைத் தாண்டிவிடும்.

சுவிட்சர்லாந்தில் மோட்டார்வே கட்டணம் செலுத்தியதைக் காட்டும் வில்லை காருக்கு ஒன்று, கேரவனுக்கு ஒன்று என இரண்டு வாங்க வேண்டும். ஆஸ்திரியாவில் காருக்கு மட்டும் போதும். பிரான்சின் ஏ79 சாலையிலும், பாரிஸிலிருந்து நார்மண்டி செல்லும் ஏ13 சாலையிலும் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா எண்ணைப் பதிந்துகொள்ளும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நாமாகவே கட்ட வேண்டும். சாவடி இல்லாததால் இலவசம் என்று நினைத்துக் கடந்து போனவர்களுக்குப் பின்னால் கடிதம் வரும். கேரவன் திடீரெனக் கழன்றால் பிரேக்கைப் பிடித்து இழுக்கும் மெல்லிய கம்பியை காரின் பின்னாலுள்ள இணைப்புக் குண்டான டோ பாலின் கழுத்தில் சுற்றிவிடும் வழக்கம் நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் செல்லாது. அந்தக் குண்டைத் தாங்கும் சட்டமான டோ பாரில் அதற்கென உள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும்.

முகாம்தளத்து மின்சாரம்தான் இவை எல்லாவற்றையும்விட விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. ஐரோப்பாவின் பெரும்பாலான தளங்களில் பிரிட்டனில் உள்ள அதே நீல நிற மூன்று முனை பிளக் வந்துவிட்டது. பிரான்சின் பழைய தளங்களில் இன்னும் இரண்டு முனை பிளக் உண்டு, அதற்கு அடாப்டர் வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே மின்முனைகள் (மின்சாரம் வரும் கம்பியும் திரும்பும் கம்பியும்) இடம் மாறியிருக்கலாம். அந்நாட்டு கேரவன்களில் சுவிட்ச் இரு கம்பிகளையும் துண்டிப்பதால் அது அவர்களுக்குப் பொருட்டில்லை. பிரிட்டன் கேரவன்களில் பல சுவிட்சுகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். முனைகள் மாறியிருந்தால் சுவிட்சை அணைத்தபின்னும் உபகரணத்துக்குள் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதால் எவருக்கும் சந்தேகம் வராது. கேரவனுக்குள்ளிருக்கும் சாக்கெட்டில் செருகினால் மூன்று சிறு விளக்குகளால் நிலையைக் காட்டும் சோதனைக் கருவி சில பவுண்டுக்குக் கிடைக்கிறது. அது தவறு காட்டினால், முனைகளை மாற்றித் தரும் குட்டி அடாப்டரை இடையில் சேர்த்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். அந்த அடாப்டரில் சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றிவைத்தால், அடுத்த தளத்தில் மறந்து அதையே பயன்படுத்தும் ஆபத்து குறையும்.

மின்சாரத்தின் அளவும் தளத்துக்குத் தளம் மாறும். 6 ஆம்பியர் இணைப்பென்றால் சுமார் 1,380 வாட் மட்டுமே. இரண்டு கிலோவாட் கெட்டிலைப் போட்ட மறுநொடி கம்பத்தில் உள்ள சுவிட்ச் விழும், அலுவலகம் மூடியபின் விழுந்தால் காலைவரை இருட்டுதான். குறைந்த வாட் கெட்டிலை வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளைச் சுருளாகவே வைத்துப் பயன்படுத்துவதும் தவறு. சுருளுக்குள் சூடேறி உறை உருகிவிடும். வேண்டிய நீளம் குறைவாக இருந்தாலும் முழுவதையும் அவிழ்த்து, தளர்வாக வண்டியின் அடியில் போட வேண்டும்.

கேஸ் விஷயத்தில், பிரிட்டனில் வாங்கிய காலர் (Calor) நிறுவனச் சிலிண்டரை அக்கரையில் எவரும் மாற்றித் தரமாட்டார்கள். குறுகிய பயணத்துக்கு முழுச் சிலிண்டர் ஒன்று போதும். நீண்ட பயணத்துக்கு ஐரோப்பாவின் பல நாடுகளில் கிடைக்கும் கேம்பிங்காஸ் சிலிண்டரும் அதற்கான இணைப்பும் தேவை. ஆனால் அதில் உள்ளது பியூட்டேன். பனி உறையும் குளிரில் அது ஆவியாகாது, அடுப்பு எரியாது. சுரங்க ரயிலில் ஏறும்முன் ஊழியர்கள் கேஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்பதால் அதன் சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிரிட்ஜைக் கேஸில் ஓடவிட்டுக்கொண்டே வந்து சேர்வது அங்கே எடுபடாது.

பிரெஞ்சு ஊர்களில் மலிவாகத் தங்க உதவும் மோட்டார்ஹோம் (தானே ஓடும் வீட்டு வண்டி) நிறுத்தங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, கேரவனுடன் அங்கே போய் நின்று திருப்பி அனுப்பப்படுவோர் பலர். அவை மோட்டார்ஹோமுக்கு மட்டும் உரியவை. இரட்டை அச்சு கேரவனை ஏற்காத நகராட்சித் தளங்களும் உண்டு. இருட்டிவிட்டதென்று மோட்டார்வே ஓய்விடத்தில் படுத்துறங்குவது திருடர்களுக்கு வசதி. வழியில் எங்கே நிறுத்தினாலும் ஒன்றை மறக்கக் கூடாது: பிரிட்டன் கேரவனின் வாசல் இடப்பக்கம், ஐரோப்பாவில் அது போக்குவரத்தை நோக்கித் திறக்கும். குழந்தைகளை முதலில் இறங்க விடாதீர்கள்.

உணவில் இறைச்சியும் பாலும் பிரிட்டனிலிருந்து கொண்டுபோகத் தடை; நெய்யும் தயிரும் டீக்கான பால்பொடியும் அதில் சேரும். அரிசி, பருப்பு, மசாலாப் பொடிகளுக்குத் தொல்லை இல்லை. 2025 ஏப்ரலில் கோமாரி நோயை முன்னிட்டு பிரிட்டனும் ஐரோப்பிய இறைச்சி, பால் பொருள்கள் தனிநபர் பைகளில் வருவதைத் தடுத்ததால், திரும்பும்போது பாலாடைக்கட்டி வாங்கிக் குவிப்பதற்கு முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். நாயுடன் செல்வோர் திரும்புவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் நாடாப்புழு மருந்து கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கப்பலென்றால் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவது நல்லது.

கலேயில் கடைசித் தவறு ஒன்று காத்திருக்கிறது. துறைமுகத்துக்குச் சற்று முன்னால் பெட்ரோல் போட நிறுத்தி, கேரவனைப் பூட்டாமல் கடைக்குள் போய்விடுவது. யாரேனும் உள்ளே மறைந்து எல்லை கடந்தால், மறைந்திருந்த ஒவ்வொருவருக்கும் 10,000 பவுண்டு வரை ஓட்டி வந்தவருக்கு அபராதம் விதிக்க பிரிட்டன் சட்டத்தில் இடமுண்டு. கடைசி நிறுத்தத்தைத் துறைமுகத்திலிருந்து தொலைவில் வைத்துக்கொண்டு, புறப்படும்போது கழிவறை, கட்டிலடிப் பெட்டி, முன்கூடாரப் பை, வெளிப்புற அறைகள் எல்லாவற்றையும் திறந்து பார்த்துப் பூட்டி, பூட்டிய நேரத்தைப் படத்துடன் குறித்துக்கொள்ளுங்கள்.