அலங்கார இரும்பு கேட்: அடிக்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலங்கார கேட் செய்யக் கேட்டு வருபவர் முதலில் நீட்டுவது ஒரு படத்தை. சுருள் இப்படி வர வேண்டும், நடுவில் பூ, மேலே வேல்முனை. கீலைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. ஆனால் கேட் கெட்டுப்போவது பெரும்பாலும் பூவேலையில் இல்லை. தூணிலும் கீலிலும் தண்ணீர் தங்கும் இடுக்குகளிலும்தான் கெடுகிறது. அதனால் தூணிலிருந்தே தொடங்குவோம்.

200 கிலோ எடையும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். எடை எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் அதன் எடை மையம் கீலிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கும். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே 1.5 மீட்டர் இருந்தால், மேல் கீல் தூணைப் பக்கவாட்டில் சுமார் 133 கிலோ விசையுடன் இழுக்கும்; கீழ்க் கீல் அதே விசையுடன் தள்ளும். வடிவத்துக்கு இடைஞ்சல் என்று கீல்களை 1 மீட்டர் இடைவெளிக்கு நெருக்கினால் அந்த இழுப்பு 200 கிலோ ஆகிவிடும். அதே கதவு, அதே எடை, கீலின் இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. கீல்களை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். நடுவில் மூன்றாவது கீல் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இந்த இழுப்பைப் பெரிதாகக் குறைக்காது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் கதவு இறுகிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இந்த இழுப்பைச் செங்கல் தூணின் ஓரத்தில் அடித்த விரியும் போல்ட்டிடம் ஒப்படைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த போல்ட் விரிந்து அழுத்தித்தான் பிடிக்கும். ஓரத்துக்கு அருகே அந்த அழுத்தமே செங்கலைப் பிளக்கும். கனமான கேட்டுக்குத் தூணுக்குள் இரும்புக் கால் ஒன்று தனி அஸ்திவாரத்தோடு நிற்க வேண்டும். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில் சொல்கிறோம். போட்ட மறுநாளே கேட்டை மாட்டுவது வேண்டாம். குறைந்தது ஒரு வாரமாவது பொறுங்கள்.

அளவு எடுப்பதில் ஒரே விதிதான்: தூண் முழுதாக முடிந்த பிறகு எடுங்கள். பூச்சும் ஒட்டுக்கல்லும் பின்னால் வந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து சில சென்டிமீட்டர் காணாமல் போகும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அகலம் பாருங்கள்; தூக்குக் குண்டு விட்டுத் தூணின் செங்குத்தையும் பாருங்கள். அப்புறம், பலரும் விட்டுவிடுவது தரை. கதவு திறக்கும் திசையில் தரை 20-க்கு 1 என்று ஏறினால், 2 மீட்டர் கதவின் நுனிக்கு எதிரே தரை 100 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அடியில் விட்ட 50 மில்லிமீட்டர் இடைவெளி, கதவு முழுதாகத் திறக்கும் முன்பே தீர்ந்துவிடும். கேட்டைச் செய்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், அழகாக அடித்த கீழ்ச்சட்டத்தை வெட்டுவதைத் தவிர வழியிருக்காது.

இனி பட்டறை. வடிவத்தை முழு அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்ளாமல் சுருள் அடிக்க உட்காரக் கூடாது. கோட்டின் மேல் ஒரு மெல்லிய கம்பியை வளைத்து வைத்து நீட்டிப் பார்த்தால் எத்தனை நீளம் வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலில் நுனியைக் கூர்மையாக இழுங்கள், பிறகு சுருட்டுங்கள். சுருட்டிய பிறகு நுனியை மெலிதாக்க முடியாது.

சூட்டைப் படிப்பதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. சாதாரண மென் எஃகு மஞ்சள் நிறத்தில் வெண்ணெய்போல வளையும். ஆரஞ்சிலும் நன்றாக நடக்கும். மங்கிய சிவப்புக்கு வந்ததும் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்ப உலையில் வையுங்கள். இன்னும் ஒரே ஒரு அடி என்று சூடு இறங்கியபின் அடிப்பவர்களால்தான் சுருளின் உள்வளைவில் மயிரிழை விரிசல் விழுகிறது. குறிப்பாக 200 முதல் 350 டிகிரி வரை, நீலம் பாயும் சூட்டில், எஃகு நொறுங்கும் குணம் கொள்ளும். மறுபக்கம், உலையிலிருந்து எடுத்த கம்பி மத்தாப்புபோலப் பொறி சிதறினால் இரும்பு எரிந்துவிட்டது. அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள், அடித்துச் சரிசெய்ய முடியாது. நேர் வெயிலில் இந்த நிறங்கள் எதுவுமே கண்ணுக்குப் பிடிபடாது. உலை நிழலில் இருக்கட்டும்.

துத்தநாகம் பூசிய கம்பியை உலைக்குள் வைக்கவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும்.

சட்டத்தை இணைக்கும்போது ஒரு மூலையை முழுதாக வெல்டிங் செய்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகாதீர்கள், சட்டம் இழுத்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வையுங்கள், எதிர் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இரண்டு அளவும் சமமா என்று பாருங்கள், பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி முடியுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அலங்காரமே எதிரி. இரண்டு சுருள்களை அணைத்திருக்கும் பூணைப் பாருங்கள். அதற்கும் கம்பிக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், மழைநீர் ஏறிக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் அடைக்கும். ஒரு கட்டத்தில் பூணையே பிதுக்கித் திறந்துவிடும். பூட்டும் முன்பே உள்பக்கம் பிரைமர் அடியுங்கள், பிறகு விளிம்பை அடைத்துவிடுங்கள். மேல்நோக்கிக் கிண்ணம்போல நிற்கும் இலையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், அல்லது அடியில் துளை போடுங்கள்.

கேட்டை உருகிய துத்தநாகத்தில் முக்கப் போகிறீர்கள் என்றால் மூடிய பைப் எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தொட்டி சுமார் 450 டிகிரி. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. காற்றுத் துளையை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். துத்தநாகத்தின் மேல் சாதாரண எண்ணெய் பெயின்ட் பிடிக்காது, அதற்கென உள்ள பிரைமர் வேண்டும். துத்தநாகம் பூசாத கேட்டில், உலையில் படிந்த கருஞ்செதிலைச் சுரண்டி எடுக்காமல் பெயின்ட் அடித்தால் செதிலோடு பெயின்டும் உரியும்.

மாட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. நேர்க்கம்பிகளின் இடைவெளி 100 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள், குழந்தையின் தலை நுழையக் கூடாது. மேல் கீலின் முளை கீழ்நோக்கி இருந்தால் கேட்டை யாரும் தூக்கிக் கழற்ற முடியாது. அங்கேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால் எர்த் கிளாம்பை (வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் கவ்வியை) வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். மின்சாரம் கீல் பேரிங் வழியே போனால் பேரிங் பாழ். கிரைண்டர் பொறி புதிய பெயின்ட்டில் விழுந்தால் சில நாளில் அங்கே துருப்புள்ளி பூக்கும், எனவே துணி போட்டு மூடுங்கள்.

கடைசியாக மோட்டார். அதைப் பொருத்தும் முன் கதவைக் கையால் தள்ளி, பாதியில், முக்காலில், பல இடங்களில் விட்டுப் பாருங்கள். விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தானாக ஓடினால் கீல்கள் செங்குத்தில் இல்லை. மோட்டார் அதைச் சில காலம் மறைக்கும், பிறகு தானும் பழுதாகும். கீலைச் சரிசெய்துவிட்டு மோட்டாரைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.